பதினைந்தாவது போஸ்ட்

தூங்கிட்டிருந்தீங்களோ? தலை ரெண்டு தடவை என் தோள்ல சாஞ்சுது. அதான் தட்டினேன். தப்பா நினைக்காதீங்க தம்பி. பஸ்ல இப்படி உட்கார்ந்துக்கிட்டே தூங்கினா கழுத்து பிடிச்சுக்கும். நிமிர்ந்து உட்காருங்க, அதுதான் நல்லது.

நைட் டூட்டியா? அனல்மின் நிலையமா? அதான் கண்ணு செவசெவன்னு இருக்கு. அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே இனம். நான் மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ஓய்வு பெற்றவன். பேரு ஞானசிகாமணி. தூத்துக்குடியைச் சுத்தி நான் முன்ன நின்னு நடாத கரண்ட் போஸ்ட் கம்மி. நீங்க எங்க இறங்கணும்? அருப்புக்கோட்டையா? அப்போ நேரம் கிடக்கு. நான் மதுரைக்குப் போறேன், மகன் வீட்டுக்கு. வீட்டுல சொல்லிக்கிட்டு வரலை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் வாங்கினீங்க, சில்லறையைப் பையில போட்டீங்க, கண்ணை மூடினீங்க. அவ்வளவுதான். எனக்கு அந்த வரம் இல்லை. இருந்துது. ஒரு எட்டு மாசம் இருந்துது. அதைத்தான் ரெண்டு பேர் சேர்ந்து எங்கிட்டருந்து பறிச்சுட்டாங்க. வெளியாள் இல்லை. ஒருத்தன் முப்பது வருஷச் சிநேகிதன். இன்னொருத்தி என் வீட்டுக்காரி.

இல்லை இல்லை, நீங்க நினைக்கிற மாதிரி விஷயம் இல்லை. முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. அதை விட மோசம்.

நான் ஓடறவன். சிரிக்காதீங்க. அறுபது தாண்டினவங்களுக்குன்னு மூத்தோர் ஓட்டம் நடத்துறாங்களே, அதுல ஓடறவன். இருபத்தோரு கிலோமீட்டர். ஐம்பது வயசு வரைக்கும் ஜீப்பை விட்டு இறங்காத ஆள்தான் நானும். அப்புறம் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சா விடமாட்டேன், அது என் சுபாவம்.

இந்த ஓட்டத்துல ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. நிறைய ஓடினா அடிச்சுப்போட்ட மாதிரித் தூக்கம் வரும்னு நினைப்போம். கொஞ்சதூரம் ஓடினா வரும். ரொம்பதூரம் ஓடினா வராது. உடம்பு கட்டில்ல கிடக்கும், உள்ள ஒருத்தன் ஓடிக்கிட்டே இருப்பான். காதைத் தலையணையில வச்சா நெஞ்சு அடிக்கிறது கேட்கும். உள்ளங்கால் கொதிக்கும். கெண்டைக்கால் சதை தன்னால துள்ளும், பிடிச்ச மீன் மாதிரி. நம்ம தொழில்ல சொல்லணும்னா, சப்ளையை நிறுத்தின பிறகும் கம்பியில மிச்சக் கரண்ட் நிக்குமே, எர்த் பண்ணாம கை வைக்கமாட்டோமே, அந்த மாதிரி. எங்கேயாவது அதை இறக்கணும்.

நான் பேசி இறக்குவேன். அதுதான் என் வழி. யாரையும் தொந்தரவு பண்ற ஆள் இல்லை நான். ஹால்ல உட்காருவேன், லைட்டைப் போடுவேன். "கனி, முழிச்சிருக்கியா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்பேன். பதில் வரலைன்னா இன்னொரு தடவை. சுயம்புக்கனி அவ பேரு. எழுந்து வந்து எதிர்ல உட்காருவா. அன்னிக்கு ஓடினதைச் சொல்லுவேன். எந்த இடத்துல மூச்சு வாங்குச்சு, எந்த இடத்துல மூச்சு திரும்புச்சு, லிங்கதுரை என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன். அவளும் கேட்பா. நடுவுல கண்ணு சொருகினா, "கேட்கியா?"ன்னு தொடையில தட்டுவேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்"ம்பா. பேசப்பேச எனக்கு இறங்கும். வெளிச்சம் வர்ற நேரத்துல லேசா ஒரு அசதி வரும். அவ குளிக்கப் போயிடுவா.

பள்ளிக்கூடத்துல டீச்சர் அவ. ஒண்ணாங்கிளாஸ்தான். பெரிய பாடம் ஒண்ணும் இல்லை, அணில் ஆடு இலை. அதுக்கு என்ன பெரிய தூக்கம் வேண்டிக்கிடக்குன்னு நினைச்சுக்குவேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லியிருக்கேன்.

இதுல லிங்கதுரையைப் பத்திச் சொல்லணும். வாழை இலை வியாபாரம். சந்தைக்கு இருட்டோட போகணும் அவனுக்கு. முன்னால என்கூட ஓடிக்கிட்டிருந்தவன்தான். முட்டி போன பிறகு ஒரு பழைய மொபெட்ல கூட வருவான். அதோட மீட்டர் முள்ளு எப்பவோ செத்துப்போச்சு. முன்னாடி கூடையில தண்ணி, குளுக்கோஸ், ஒரு ஈரத்துண்டு. "போடுங்க அண்ணாச்சி, போடுங்க! முன்னால போறது கடன்காரன்னு நினைச்சுக்கோங்க!"ன்னு கத்துவான். அவன் இல்லாம நான் ஓடினதில்லை. காலையில அவனுக்கு வியாபாரம். அதனால எங்க ஓட்டம் சாயந்திரம்தான். ராத்திரி கனி ரொம்ப அசந்துட்டா அவனுக்குப் போன் போடுவேன். சிநேகிதன்னா அதுக்குத்தானே? சில நாள் எடுக்கமாட்டான். என்னமோ ஆச்சோன்னு கவலையாயிடும், மறுபடி மறுபடி அடிப்பேன். எடுத்து, "நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி"ம்பான். குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

இப்படி எவ்வளவோ நாள் போச்சு. மகன் ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். அது வானத்துல இருக்கிற செயற்கைக்கோளைக் கேட்டு நாம ஓடின தூரத்தைச் சொல்லுமாம். நான் கட்டலை. பீரோவுல கிடக்கு. வானத்துல இருக்கிறவன் சொல்றதை விட கூட வர்றவன் சொல்றதை நம்பறவன் நான். சாதாரணக் கடிகாரம் போதும், நேரம் பார்க்க. தூரத்துக்கு லிங்கதுரை இருக்கான்.

கண்ணை மூடாதீங்க தம்பி, இனிமேல்தான் விஷயமே.

ஒரு நாள் காலையில கனி பால்சட்டியை இறக்கும்போது கையில கொட்டிக்கிட்டா. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. கவனம் கிடையாது அவளுக்கு. அந்த வருஷம் பூரா ஒரு மாதிரியா இருந்தா, நின்னுக்கிட்டே தூங்குற மாதிரி. ரத்தம் கம்மியா இருக்கும், டெஸ்ட் எடுன்னு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க ஒரு டாக்டர், சின்னப் பொண்ணு. கனி கையைக் காட்டிட்டு, தன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாம, "இவங்களுக்குத் தூக்கமே வரமாட்டேங்குது டாக்டர்"னு என்னைக் காட்டினா. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் விசாரிச்சுட்டு, "அங்கிள், தூரத்தைக் குறைங்க. இல்லாட்டி காலையில ஓடுங்க. சாயந்திரம் இவ்வளவு ஓடினா உடம்புச் சூடு இறங்கவே நேரமாகும், நெஞ்சுத் துடிப்பு அடங்காது. உங்க வயசுக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் தாராளம்"னா. கனி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி.

வெளிய வந்து நான் சொன்னேன், "இந்தப் பொண்ணு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்காது. எனக்குப் புத்தி சொல்லுது." கனி சிரிக்கலை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆட்டோவுல ஏறினா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

கொஞ்ச நாள்ல பைபாஸ் ரோட்டை அகலப்படுத்த ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் நாங்க அந்த ரோட்டுல மைல்கல்லைப் பார்த்துத்தான் ஓடுவோம். இப்போ லாரியும் தூசியும். லிங்கதுரை வந்து, "அண்ணாச்சி, உப்பளத்து ரோட்டுக்கு மாறிருவோம். ஆள் நடமாட்டம் கிடையாது, காத்து நல்ல காத்து. என் மச்சினன் புது பைக்குல மீட்டர் பார்த்து அளந்து, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் போஸ்ட்ல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டேன்"னான். எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன். அங்க மைல்கல் கிடையாது, கடை கிடையாது. ரெண்டு பக்கமும் பாத்தி, உப்புக் குவியல், நேரா ஒரு ரோடு. அதோட வரிசையா போஸ்ட். அதெல்லாம் நான் இருந்து நட்டவை. என் போஸ்ட்ல என் சிநேகிதன் எனக்காகக் கோடு போட்டிருக்கான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு தம்பி.

முத நாள் இருபது கோடு ஓடி முடிச்சுட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நம்ப முடியலை. கால்வாசி நேரம் குறைஞ்சிருக்கு. "என்னடே லிங்கதுரை இது?"ன்னேன். அவன் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே, "உப்புக்காத்து அண்ணாச்சி. நெஞ்சு விரியுதுல்லா"ன்னான். இப்போ நினைச்சா அந்த இடத்துலயே அவனை உப்புப் பாத்தியில தள்ளியிருக்கணும். அப்போ என்ன செஞ்சேன் தெரியுமா? கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

அன்னிக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் கனி ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தா. "ஜாதிக்காய் உரசிப் போட்டிருக்கேன். தூக்கத்துக்கு நல்லதாம், எங்க ஸ்கூல் எச்.எம். சொன்னாங்க." குடிச்சேன். படுத்தேன். அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தா விடிஞ்சிருக்கு. கட்டில் பக்கத்துல கனி நின்னுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருக்கா.

"தூங்கினீங்களா?"ன்னா.

"தூங்கினேன்டி"ன்னேன்.

அவ அடுப்படிக்குப் போனா. கொஞ்சநேரத்துல ஏதோ பாட்டை முனகுற சத்தம் கேட்டுது. அவ பாடிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. என்ன பாட்டுன்னு தெரியலை. நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை, ஜாதிக்காயைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த எட்டு மாசம் நான் ஊர்ல ராஜா. டீக்கடையில, ரேஷன் கடையில, பென்ஷன் ஆபீஸ்ல, எங்க யாரைப் பார்த்தாலும் என் நேரத்தைச் சொல்லுவேன். ஜாதிக்காய்ப் பாலைச் சொல்லுவேன். அறுபத்தொரு வயசுல நாற்பது வயசுக்காரன் வேகம்! எங்க தெருவுல நாலு வீட்டுல என் பேச்சைக் கேட்டு ஜாதிக்காய் வாங்கினாங்க. ஒருத்தனுக்குக்கூடத் தூக்கம் வரலை. அளவு சரியில்லைன்னு சொன்னேன். உரசுற விதம் இருக்கு, கனிகிட்ட வந்து கத்துக்கோங்கன்னு சொன்னேன். அவ கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "ஆமா, லேசா உரசணும்"னா. கொஞ்சம்கூடக் கூச்சப்படலை பாருங்க.

என் போன் அடிக்குதா? அடிக்கட்டும். எடுக்க வேண்டாம். யாருன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல இடைவேளை விட்டிருக்கும். நான் பையோட கிளம்பினதை எதிர்வீட்டுக்காரி சொல்லியிருப்பா.

போன மாசம் திருச்சியில மூத்தோர் ஓட்டம். நானும் லிங்கதுரையும் போனோம். கிளம்பும்போது அவனுக்கு முகமே சரியில்லை. "அண்ணாச்சி, இந்தத் தடவை விட்டுருவோமா? உங்களுக்குச் சளி மாதிரி தெரியுது"ன்னான். எனக்கு ஒரு சளியும் இல்லை. கனியும் வாசல்ல நின்னுக்கிட்டு, "பாதியில முடியலைன்னா நின்னுருங்க, ஒண்ணும் அவமானம் இல்லை"ன்னா. கிளம்பும்போது சொல்ற வார்த்தையா அது? கப்பைக் கொண்டாந்து உன் கையில தாறேன்னு சொல்லிட்டுப் போனேன்.

ஓட ஆரம்பிச்சேன். என் உடம்புக்குத் தெரியும் தம்பி, ஒரு கிலோமீட்டர்னா எவ்வளவுன்னு. எட்டு மாசப் பழக்கம். ஒரு கிலோமீட்டர் ஓடியாச்சு, போர்டைக் காணோம். இன்னும் ஓடறேன், காணோம். மஞ்சள் பனியன் போட்ட ஒரு பொண்ணு, "தாத்தா, தண்ணி"ன்னு கிளாஸை நீட்டுது.

"தண்ணி இருக்கட்டும். உங்க போர்டு எங்க?"

"அடுத்த திருப்பத்துல இருக்கு தாத்தா."

"இங்க இருக்கணும் அது. இந்த இடத்துல."

அது என்னைப் பார்த்து, "தூக்கிட்டு வந்து வைக்கவா?"ன்னு கேட்டுது. துடுக்குப் பொண்ணு. பக்கத்துல இருந்ததுகளெல்லாம் சிரிச்சுது.

ஒவ்வொரு போர்டும் இப்படித்தான். எல்லாமே தள்ளிப்போய் இருக்கு. கோபத்துல வேகத்தைக் கூட்டினேன். பதினஞ்சாவது போர்டு வரைக்கும் ஓடினேன், அது நிஜம். அதுக்கப்புறம் கால் என்னுதா இல்லை. யாரோ ரெண்டு மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி இருந்துது. நடந்தேன். எழுபது தாண்டின ஒரு பெரியவர், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "வாங்க தம்பி, பைய வாங்க"ன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டி ஓடிப்போனார். நான் போய்ச் சேரும்போது நாற்காலியை அடுக்கிக்கிட்டிருந்தாங்க.

தொப்பி போட்ட ஒருத்தர், அவர்தான் பொறுப்பு போல, என் கழுத்துல ஒரு பதக்கத்தைப் போட வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். "உங்க கிலோமீட்டர் தப்பு. ரொம்ப நீளம்"னேன்.

"சார், கிலோமீட்டர்ல நீளம் குட்டையெல்லாம் கிடையாது."

"எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் அளந்து ஓடறவன். டே லிங்கதுரை! வா இங்க. சொல்லுடே இவர்கிட்ட, நம்ம கிலோமீட்டர் எவ்வளவுன்னு."

கூட்டம் கூடிடுச்சு. லிங்கதுரை தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். மூடியைத் திறக்கான், மூடுதான். திறக்கான், மூடுதான்.

"அண்ணாச்சி, அவங்க கிலோமீட்டர் சரிதான்"னான்.

"அப்போ நம்மது?"

"நம்மது சின்னது அண்ணாச்சி."

அவ்வளவு பேர் நடுவுல சொல்லிட்டான். நம்மது சின்னது. தொப்பிக்காரர் சிரிக்கலை, அதுதான் எனக்குத் தாங்கலை. பதக்கத்தை என் கையில வச்சு விரலை மடக்கிவிட்டார். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி.

திரும்பி வர்ற ரயில்ல எல்லாம் சொன்னான். கிலோமீட்டர்னா இருபது போஸ்ட்டுக்கு ஒரு கோடு போடணும். இவன் பதினஞ்சு போஸ்ட்டுக்கு ஒண்ணு போட்டிருக்கான். பைக்கும் இல்லை, மச்சினனும் இல்லை. நான் இருபது கிலோமீட்டர்னு நினைச்சு ஓடினது அந்த டாக்டர் பொண்ணு சொன்ன பதினஞ்சு. "மைனிதான் கேட்டாவ அண்ணாச்சி. கையில கட்டோட கடைக்கே வந்துட்டாவ. இலைக்கட்டு மேல உட்கார்ந்து அழுதாவ. என்னால என்ன செய்ய முடியும்?"ங்கான். கனி அழுதாளாம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அவ அழுது பார்த்ததில்லை. எங்கிட்ட அழாதவ இலைக்கடையில போய் அழுதிருக்கா. அதைத்தான் என்னால... விடுங்க.

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க.

போஸ்ட் எண்ணலையான்னா?

நல்ல கேள்வி கேட்டீங்க. எல்லாரும் இதைத்தான் கேட்பாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு போஸ்ட்டுக்கு நடுவுல ஐம்பது மீட்டர், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நான் இருந்து நட்ட போஸ்ட். ஓடும்போது பக்கத்துல ஒண்ணொண்ணாப் போகுது. எண்ண முடியாதான்னா, முடியும். ஆனா எதுக்கு எண்ணணும்? கூட ஒருத்தன் வர்றான், கோடு போட்டிருக்கான், சத்தம் போட்டுச் சொல்றான். நம்பின மனுஷன் எண்ணுவானா? சொல்லுங்க. நீங்க உங்க வீட்டுல சோறு போட்டா பருக்கையை எண்ணுவீங்களா? ஒரு தடவை, ரெண்டாவது மாசமோ என்னமோ, தன்னால வாய் எண்ண ஆரம்பிச்சுது. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டுன்னு வந்துது. நான்தான் நிறுத்திட்டேன். சிநேகிதனைச் சந்தேகப்படக்கூடாதுன்னு நிறுத்திட்டேன். வேற ஒண்ணுக்கும் இல்லை.

என்ன பார்க்குறீங்க? வேற ஒண்ணுக்கும் இல்லைன்னு சொல்றேன்ல.

வீட்டுக்கு வந்தேன். கனி பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தா. என் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழ வச்சுட்டா. "உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி. நீதான் சொன்னியா?"ன்னேன்.

"ஆமா"ன்னா.

"எதுக்கு?"

"தூங்கணும்னுதான்."

"நான் தூங்காட்டி உனக்கென்ன?"

என்னை ஏறிட்டுப் பார்த்தா. "நான் தூங்கணும்"னா.

கேட்டீங்களா? எனக்காக இல்லையாம். அவளுக்காகவாம். அதையாவது மறைச்சிருக்கலாம்ல? எனக்காகத்தான் செஞ்சேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும். அவ்வளவு நாள் பொய் சொன்னவளுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரலை. அப்புறம் நான் கேட்டேன், "ஜாதிக்காயாவது நிஜமா?" தலையைக் குனிஞ்சுக்கிட்டா. முத வாரத்தோட தீர்ந்துபோச்சாம். அதுக்கப்புறம் வாங்கலையாம். வெறும் பாலாம்! எட்டு மாசம் வெறும் பால் தம்பி! தெருவுக்கே நான் வைத்தியம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அன்னிக்கு நிறுத்தினதுதான், அவகூடவும் பேசறதில்லை, அவன்கூடவும் பேசறதில்லை. ஓட்டமும் இல்லை. சரி, ஓடலைன்னா தூக்கம் வரணுமா இல்லையா? அதானே கணக்கு? வரலை. சுத்தமா வரலை. காலு சும்மாதான் இருக்கு, நெஞ்சும் சும்மாதான் இருக்கு. உள்ள ஓடிக்கிட்டிருந்தவன்கூட நின்னுட்டான். அப்பவும் வரலை. இப்போ நான் லைட் போடறதில்லை. போட்டு யாரைக் கூப்பிட? இருட்டுல ஹால்ல உட்கார்ந்திருப்பேன், ஒரு சத்தம் போடறதில்லை. உள்ள கட்டில் கிறீச்சுங்கும். கொஞ்சநேரம் கழிச்சு மறுபடியும் கிறீச்சுங்கும். அவ புரளுறா. அவளுக்கு இப்போ என்ன வந்துது? நான்தான் எழுப்பலையே. தூங்கணும்தானே கேட்டா? தூங்க வேண்டியதுதானே?

அந்த லிங்கதுரை இருக்கானே, தினமும் சாயந்திரம் மொபெட்டோட வந்து கேட்டுக்கு வெளிய நிப்பான். ஒரே ஒரு ஹாரன். நான் ஜன்னல் பக்கம் போறதில்லை. கொஞ்சநேரம் நின்னுட்டுப் போயிடுவான். கூடையில துண்டு இருக்கும்.

நேத்து நான் உப்பளத்து ரோட்டுக்குப் போனேன். ஓட இல்லை, நடந்துதான். ஏன் போனேன்னு கேட்காதீங்க. போய்ப் பார்த்தா, போஸ்ட்ல பழைய கோடு ஒண்ணுகூட இல்லை. எல்லாத்தையும் சுரண்டியிருக்கான். புதுசாக் கோடு போட்டிருக்கான், சுண்ணாம்பு இல்லை, பெயின்ட். முதக் கோட்டுல இருந்து அடுத்த கோடு வரைக்கும் எண்ணினேன். ஆமா, இப்போ எண்ணினேன். இருபது. அதுக்கு அடுத்தது, இருபது. கடைசி வரைக்கும் நடந்து எண்ணினேன். எல்லாம் சரியா இருக்கு. சரியா இருந்து என்ன செய்ய? இனிமே எத்தனை போஸ்ட்டைத் தாண்டினாலும் எண்ணிக்கிட்டேதானே போகணும்? எண்ணாம ஓடின ஓட்டத்தை எவன் திருப்பித் தருவான்?

ரோட்டோரத்துல உட்கார்ந்துட்டேன். அங்கேயே முடிவு பண்ணினேன், மகன் வீட்டுக்குப் போயிடறதுன்னு. இன்னிக்குக் காலையில கனி பள்ளிக்கூடம் போனதும் கிளம்பிட்டேன். ஷூவை எடுத்துக்கலை. வாசல்லயே கிடக்கு, பார்க்கட்டும்.

பந்தல்குடி வந்தாச்சு. இன்னும் கொஞ்சத்துல உங்க ஊர். பாவம், உங்களைத் தூங்கவிடலையோ நான்? இல்லை, பேசினா நேரம் போறது தெரியாதேன்னுதான். நீங்களும் நல்லாக் கேட்டீங்க. எனக்குக் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு.

பாருங்க, மறுபடி அடிக்குது. அவதான். விடமாட்டா. எதையாவது பிடிச்சா அவளும் விடமாட்டா.

தம்பி, ஒரு உதவி செய்றீங்களா? இந்தாங்க, நீங்க எடுங்க. இந்தப் பச்சையைத் தள்ளுங்க. பக்கத்து சீட்டுல இருக்கிறவன்னு சொல்லுங்க. நான் எங்கன்னு கேட்பா. தூங்குறார்னு சொல்லுங்க.

ஆமா, அப்படித்தான் சொல்லணும். பஸ் ஏறினதுல இருந்து தூங்குறார்னு சொல்லுங்க. எழுப்பவான்னு கேளுங்க, வேண்டாம்னு சொல்லுவா. கண்டிப்பா வேண்டாம்பா. நல்லாத் தூங்குறாரான்னு ஒரு தடவை கேட்பா, ஆமான்னு சொல்லுங்க.

அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி. தூங்குறவன் பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரிப் பேசுங்க. சத்தமாப் பேசினா அவ நம்பமாட்டா.